எந்த மாதம் போவது, எதைப் போட்டுக்கொள்வது?

விடுமுறை கிடைக்கிற தேதிக்கு டிக்கெட்டை எடுத்துவிட்டு, கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது "அங்கே இப்போது குளிரா, வெயிலா?" என்று தேடுவதுதான் பலரின் வழக்கம். மாற்றியிருக்கக்கூடியதெல்லாம் அதற்குள் கைநழுவிப் போயிருக்கும். மிஞ்சுவது அவசரத்தில் வாங்கிய ஒரு தடித்த கோட்டும் பெட்டி நிறைய ஜீன்ஸும்தான். எதைப் பார்க்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அது எந்த மாதத்தில் பார்க்கும்படி இருக்கும் என்பது அடுத்தது. அந்த மாதத்தில், நாம் வெளியே நிற்கப் போகிற அந்த இடத்தில், அந்த மணி நேரத்தில் வெப்பமும் காற்றும் ஈரமும் எப்படி இருக்கும் என்பது மூன்றாவது. இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் உடையைப் பற்றி யோசிக்கப் பெரிதாக ஒன்றும் இருக்காது. விடுமுறைத் தேதியை மாற்றவே முடியாதென்றால் ஊரை மாற்றிக்கொள்ளலாம். எந்த மாதத்திலும் உலகில் எங்காவது நல்ல பருவம் நடந்துகொண்டுதான் இருக்கும்.

முதல் கேள்வியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். அமெரிக்காவின் யோசெமிட்டி அருவி பனி உருகும் மே, ஜூன் மாதங்களில் இடி மாதிரி விழும். ஆகஸ்ட் கடைசியில் போனால் பெரும்பாலும் வெறும் பாறைதான். ஆப்பிரிக்காவில் ஜாம்பியா, ஜிம்பாப்வே எல்லையிலுள்ள விக்டோரியா அருவியில் ஏப்ரல் வாக்கில் தண்ணீர் உச்சத்தில் இருக்கும். ஆனால் அப்போது எழும் சாரலில் எதிரே இருக்கும் அருவியே சில இடங்களில் கண்ணுக்குத் தெரியாது. அக்டோபர், நவம்பரில் ஜாம்பியா பக்கம் பெரும்பகுதி வற்றிப் போகும். பொலிவியாவின் உயுனி உப்புவெளியில் வானம் கண்ணாடிபோல் தரையில் தெரியும் படங்கள் எல்லாம் மழைக்காலத்தில், ஜனவரி முதல் மார்ச் வரை எடுத்தவை. ஜூலையில் அங்கே காய்ந்து வெடித்த வெள்ளைத் தரைதான் இருக்கும். அதுவும் அழகுதான், ஆனால் நினைத்துப் போனது அதுவல்ல. நெதர்லாந்தின் கொய்கென்ஹோஃப் பூந்தோட்டம் மார்ச் நடுவிலிருந்து மே நடுவரை சுமார் எட்டு வாரம்தான் திறந்திருக்கும். டோக்கியோவில் செர்ரி மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கத்தில் பூக்கும். முழுப் பூப்பு ஏறக்குறைய ஒரு வாரம்தான் நிற்கும். அதைத் தவறவிட்டவர்கள் வடக்கே சப்போரோவுக்குப் போனால் ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்தில் பார்க்கலாம். இரவு வானில் திரைபோல் அசையும் வடதுருவ ஒளியைப் பார்க்க ஜூனில் நார்வேயின் ட்ரோம்சோவுக்கு டிக்கெட் எடுப்பவர்களும் உண்டு. அப்போது அங்கே சூரியன் மறைவதே இல்லை. இருட்டு இல்லாமல் ஒளி தெரியாது. அதற்குச் செப்டம்பரிலிருந்து மார்ச் வரை போக வேண்டும்.

மலைப்பாதைகளையும் இதே கண்ணோடு பாருங்கள். சுவிட்சர்லாந்தின் ஃபுர்கா, கிரிம்சல் கணவாய்ச் சாலைகள் பெரும்பாலும் ஜூனிலிருந்து அக்டோபர் வரைதான் திறந்திருக்கும். ஆல்ப்ஸில் கேபிள் கார்கள் பல, கோடை முடிந்து பனிச்சறுக்கு தொடங்குவதற்கு இடையில் நவம்பரிலும், சறுக்கு முடிந்தபின் ஏப்ரல் கடைசி, மே மாதங்களிலும் பராமரிப்புக்காக நிறுத்தப்படும். "கூட்டம் இல்லாத மாதம், ஹோட்டல் மலிவு" என்று அந்த வாரங்களில் போய்ச் சேர்ந்தால், மலை மேலே போக வழியே இருக்காது. விலை ஏன் இறங்கியிருக்கிறது என்பதைக் கேட்காமல் மலிவு மாதத்தை எடுக்கக் கூடாது.

நாடு முழுவதற்கும் ஒரே பருவம் என்று எண்ணுவது அடுத்த தவறு. தாய்லாந்தில் புக்கெட், கிராபி இருக்கும் மேற்குக் கடற்கரைக்கு மே முதல் அக்டோபர் வரை மழை. கோ சமுய் இருக்கும் வளைகுடாப் பக்கத்திலோ கனமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, உச்சம் நவம்பரில். ஆகவே "நவம்பரில் தாய்லாந்து போகலாமா?" என்ற கேள்விக்குக் கடற்கரையின் பெயரைச் சொல்லாமல் பதில் சொல்ல முடியாது. மலேசியாவின் கிழக்குக் கரையில் பெர்ஹெந்தியான் தீவுகளில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை பெரும்பாலான விடுதிகளே மூடியிருக்கும். மேற்கே லங்காவியில் அந்தச் சமயத்தில் நல்ல வெயில் நாட்கள் கிடைக்கும். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் மழை குளிர்காலத்தில், அதாவது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. ஜோகன்னஸ்பர்க்கில் கோடையில்தான் மழை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் டிசம்பர் கோடை என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். ஜூலையில் கலிஃபோர்னியா என்றால் வெயில் என்று நம்பி அரைக்கால் சட்டையோடு சான் ஃபிரான்சிஸ்கோவில் இறங்குகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அங்கே குளிர்ந்த கடல்நீரோட்டமும் மூடுபனியும் சேர்ந்து கோடைப் பகலையே 20 டிகிரிக்குக் கீழே வைத்திருக்கும். சாயங்காலக் காற்றுக்கு ஜாக்கெட் இல்லாமல் நிற்க முடியாது.

உயரத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். சுவிட்சர்லாந்தின் இண்டர்லாக்கன் சுமார் 570 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து மேலே போகும் ஜுங்ஃப்ராயோக் ரயில் நிலையம் 3,454 மீட்டர். வித்தியாசம் சுமார் 2,900 மீட்டர், அதாவது 19 டிகிரி. கீழே ஏரிக்கரையில் 24 டிகிரியில் டி-ஷர்ட்டோடு ரயில் ஏறுகிறவருக்கு மேலே ஐந்து டிகிரி காத்திருக்கும், அதற்கும் குறைவாகக்கூட இருக்கலாம். மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று வீசினால் அந்த ஐந்து டிகிரி உடம்புக்குப் பூஜ்யமாகத் தெரியும். அதே காற்றில் பூஜ்யம் என்பது மைனஸ் 6 போல, மைனஸ் 10 என்பது மைனஸ் 20 போல இருக்கும். எனவே வானிலைச் செயலியில் ஊர்ப் பெயரைப் போட்டுப் பார்ப்பது போதாது. நாம் ஏறப்போகும் சிகரத்தின் பெயரைப் போட்டு, காற்றின் வேகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வானிலை அட்டவணை படிக்கும்போது "சராசரி 15 டிகிரி" என்ற ஒற்றை எண்ணை நம்பவே வேண்டாம். அது பகலில் 21, விடிகாலையில் 9 என்பதன் நடுவாக இருக்கலாம். பகலில் 17, இரவில் 13 என்பதாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் எடுத்துப் போக வேண்டிய துணி வேறு. மாதச் சராசரி அதிகபட்சம், மாதச் சராசரி குறைந்தபட்சம் என்று தனித்தனியாகக் கொடுத்திருக்கும் அட்டவணையைத் தேடுங்கள். மழைக்கு மில்லிமீட்டரைவிட மழை நாட்களின் எண்ணிக்கை முக்கியம். சிட்னியில் ஆண்டுக்குப் பெய்யும் மழை லண்டனைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆனாலும் லண்டனுக்குத்தான் மழை ஊர் என்று பெயர். அங்கே மெல்லிய தூறலும் மூடிய வானமும் நாள் கணக்கில் இழுக்கும். வெப்பமண்டல ஊர்களிலோ பிற்பகலில் ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டு வெயில் வந்துவிடும். அப்படிப்பட்ட ஊரில் "மழைக்காலம்" என்ற சொல்லைப் பார்த்தே பயந்து பயணத்தைத் தள்ளிவைக்கத் தேவையில்லை. காலையில் சுற்றிவிட்டுப் பிற்பகலைக் கூரைக்கடியில் வைத்துக்கொண்டால் போதும்.

செயலியில் ட்யூ பாயிண்ட் என்று ஓர் எண் இருக்கும். தமிழில் பனிநிலை என்பார்கள். காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதை அது காட்டும். வெப்பமான ஊருக்குப் போகிறவர்கள் பார்க்க வேண்டிய முதல் எண் அதுதான். பனிநிலை 15 டிகிரிக்குக் கீழே இருந்தால் வியர்வை உடனே காயும்; 20-ஐத் தாண்டினால் பிசுபிசுப்பு; 24-ஐத் தொட்டால் நிழலில் சும்மா நின்றாலும் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும். சிங்கப்பூரின் 31 டிகிரி, பாலைவன ஊரின் 37 டிகிரியைவிடத் திணறடிப்பது இதனால்தான்.

பகல் நீளத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். லண்டனில் டிசம்பர் நடுவில் மாலை 3.50 வாக்கில் சூரியன் மறையும்; ஜூன் கடைசியில் இரவு 9.20 வரை இருக்கும். ஐஸ்லாந்துத் தலைநகர் ரெய்க்யவிக்கில் டிசம்பரில் பகல் நான்கு மணி நேரம்தான். ஒரு நாளில் மூன்று இடம் என்று கோடைக்காலத் திட்டத்தை அப்படியே குளிர்காலத்துக்குப் போட்டால் இரண்டு இடத்தை இருட்டில்தான் பார்க்க நேரும். கடல் இன்னொரு விதம். நிலம் சீக்கிரம் சூடாகும், கடல் மெல்லத்தான் சூடாகும். மத்தியதரைக் கடலோரத்தில் மே மாத வெயில் சுள்ளென்று அடித்தாலும் தண்ணீரில் கால் வைத்தால் சிலிர்க்கும். செப்டம்பரில் வெயில் தணிந்திருக்கும், கடல் இன்னும் இதமாக இருக்கும். நீந்தத்தான் போகிறோம் என்றால் செப்டம்பரை எடுங்கள்.

புயலும் புகையும் கூட்டமும் நாட்காட்டியில் இருப்பவைதான். கரீபியத்தில் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, உச்சம் செப்டம்பரில். மொரிஷியஸில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. ஜப்பானில் ஜூனிலிருந்து ஜூலை நடுவரை மழைப் பருவம், பிறகு ஆகஸ்ட், செப்டம்பரில் சூறாவளிகள். வட தாய்லாந்தின் சியாங் மாயில் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை வயல்களும் காடுகளும் எரியும் புகை மலையையே மறைத்துவிடும். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த மாதங்களில் அங்கே போகவே வேண்டாம். ஜப்பானில் ஏப்ரல் 29 முதல் மே 5 வரையும், சீனாவில் அக்டோபர் 1-இல் தொடங்கும் வாரத்திலும் தொடர் விடுமுறை; உள்ளூர்க்காரர்கள் பெரும்பாலோர் பயணத்தில் இருப்பார்கள். ரயிலில் இடம் கிடைக்காது. இத்தாலியில் ஆகஸ்ட் 15 விடுமுறையை ஒட்டிச் சிறு கடைகளும் உணவகங்களும் பூட்டியிருக்கும். ரம்ஜான் நோன்பு மாதம் ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும் என்பதால், போன முறை போய்வந்தவர் சொன்ன தேதி உங்களுக்குப் பொருந்தாது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடைக்கு முந்தைய மாதங்களில் நேர ஒதுக்கீடு கிடைப்பது கடினம். மாதத்தை முடிவு செய்த கையோடு அதையும் தொடங்கிவிடுங்கள்.

இனி உடைக்கு வருவோம். ஒரே தடித்த கோட்டைவிட மூன்று மெல்லிய அடுக்குகள் நல்லவை என்பது பலரும் கேட்டதுதான். ஏன் என்பது தெரியாததால், மூன்று அடுக்கும் தவறான துணியில் அமைந்துவிடுகிறது. தோலை ஒட்டிய அடுக்குக்கு ஒரே வேலை, வியர்வையை உறிஞ்சி வெளியே கடத்துவது. நடு அடுக்குக்கு வேலை, அசையாத காற்றைத் தன்னுள் பிடித்து வைப்பது. அந்தக் காற்றுதான் நம்மைக் கதகதப்பாக வைத்திருப்பது. வெளி அடுக்கு வெளிக்காற்றையும் மழையையும் தடுக்கிறது. இதில் எந்த அடுக்கில் பருத்தி வந்தாலும் ஏற்பாடு குலைந்துவிடும். பருத்தி நீரைக் குடித்துத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். காற்று இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீர் உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உள்ளே காட்டன் பனியன், அதன்மேல் விலையுயர்ந்த ஜாக்கெட் என்று போட்டுக்கொண்டு "இந்த ஜாக்கெட் குளிர் தாங்கவில்லை" என்று குறை சொல்பவர்களிடம் நனைந்த பனியனைத்தான் முதலில் காட்ட வேண்டும்.

தோலை ஒட்டிய அடுக்குக்கு மெரினோ கம்பளியோ பாலியஸ்டர் தெர்மலோ (குளிருக்கான உள்ளாடை) நல்லது. மெரினோ விலை அதிகம், ஆனால் மூன்று நான்கு நாள் போட்டாலும் நாறாது. சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிராம் வரை எடையுள்ள துணி நடந்து திரியும் சுற்றுலாவுக்குப் போதும். 250 கிராம் துணி வெகுநேரம் நிற்பவர்களுக்கு. தெர்மல் உடம்பை ஒட்டி இருக்க வேண்டும், இறுக்கக் கூடாது. நடு அடுக்குக்கு ஃப்ளீஸ், அதாவது பஞ்சுபோல் மென்மையான செயற்கை இழைத் துணி, எளிது: நனைந்தாலும் சட்டென்று காயும். டவுன் ஜாக்கெட், அதாவது வாத்துத் தூவி அடைத்தது, எடைக்குத் தரும் கதகதப்பில் அதை விஞ்ச ஒன்றில்லை. ஆனால் நனைந்தால் தூவி ஒட்டிச் சுருங்கி வெறும் பையாகிவிடும். பனி உதிரும் வறண்ட குளிருக்கு டவுன், தூறலும் ஈரப்பனியும் கலந்த பூஜ்ய டிகிரிக்கு செயற்கைப் பஞ்சு என்று பிரித்துக்கொள்ளலாம். வெளிச்சட்டையில் "வாட்டர் ரெசிஸ்டன்ட்" என்று எழுதியிருந்தால் பத்து நிமிடத் தூறலுக்குத்தான் ஆகும். வாட்டர்ப்ரூஃப் என்பதற்கு அடையாளம், உட்பக்கத்தைத் திருப்பினால் ஒவ்வொரு தையல்மீதும் பட்டை ஒட்டியிருக்கும். எத்தனை மில்லிமீட்டர் உயர நீரின் அழுத்தத்தைத் துணி தாங்கும் என்றும் குறித்திருப்பார்கள்; 10,000 மில்லிமீட்டர் சாதாரணப் பயணத்துக்கு நன்றாகவே போதும். வாங்கும்போது ஃப்ளீஸைப் போட்டுக்கொண்டு அதன்மேல் மாட்டிப் பாருங்கள். கையை முன்னால் நீட்டினால் முதுகு இறுகக் கூடாது. இறுகினால் உள்ளே இருக்கும் காற்று நசுங்கி, அடுக்கின் பயனே போய்விடும்.

எந்த வெப்பநிலைக்கு எது என்பதற்கு, காற்று குறைவாக இருந்து நாம் நடந்துகொண்டிருந்தால் இப்படி வைத்துக்கொள்ளலாம். 15 முதல் 20 டிகிரிக்கு முழுக்கைச் சட்டையும் மெல்லிய ஜாக்கெட்டும். 8 முதல் 15 வரை சட்டை, ஃப்ளீஸ், காற்றுத் தடுக்கும் வெளிச்சட்டை. பூஜ்யம் முதல் 8 வரை மேலுக்கு தெர்மல், ஃப்ளீஸ், ஜாக்கெட், குல்லா, மெல்லிய கையுறை. மைனஸ் 10 வரை காலுக்கும் தெர்மல், இடுப்புக்குக் கீழே இறங்கும் பஞ்சு ஜாக்கெட், பனி பூட்ஸ். மைனஸ் 15-க்குக் கீழே என்றால் சொந்தமாக வாங்காதீர்கள். துருவ ஒளி பார்க்க அழைத்துப் போகும் நிறுவனங்கள் பல, முழு உடல் கவசமும் பூட்ஸும் தாங்களே கொடுக்கும். பனிச்சறுக்கு ஊர்களில் வாடகைக்குக் கிடைக்கும். முன்பதிவின்போதே அளவைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். வெப்பமான ஊரில் வாழ்பவர்களுக்கு முதல் இரண்டு மூன்று நாட்கள் 15 டிகிரியே நடுக்கும், அதனால் முதல் நாட்களுக்கு ஒரு படி கூடுதலாகப் போட்டுக்கொள்வதில் தவறில்லை.

நடப்பதும் நிற்பதும் இரண்டு வேறு பருவங்கள் என்றே எண்ணிக்கொள்ளலாம். எல்லா அடுக்கையும் மாட்டிக்கொண்டு மேட்டில் ஏறினால் பத்து நிமிடத்தில் முதுகு நனையும். உச்சியில் நின்று படம் எடுக்கும்போது அந்த ஈரம் பனிக்கட்டியாகும். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். ஏறி நின்றதும், உடம்பு ஆறுவதற்கு முன்பே, பையிலிருக்கும் ஜாக்கெட்டை எடுத்து மேலே போட வேண்டும். குளிர் தெரிந்தபின் போட்டால் இழந்த சூட்டை மீட்க வெகுநேரம் ஆகும். கட்டடங்களுக்குள்ளும் ரயிலிலும் ஹீட்டர் 20, 22 டிகிரியில் ஓடும். உள்ளே நுழைந்ததும் மேலிரண்டு அடுக்கையும் கழற்றிவிடுங்கள்; காலுக்குத் தடித்த தெர்மல் போட்டுக்கொண்டு நாள் முழுதும் அருங்காட்சியகத்தில் சுற்றினால் அதைக் கழற்ற வழியில்லாமல் தவிக்க நேரும்.

இரவில் துருவ ஒளிக்காக மைனஸ் 12-இல் நின்றுகொண்டிருப்பவரின் கால்களைப் பாருங்கள். முதல் இருபது நிமிடம் ஒன்றும் தெரியாது. பிறகு சுண்டுவிரல் மரக்கும்; அவர் காலை மாற்றி மாற்றி உதைத்துக்கொள்வார். ஷூவுக்குள் தடித்த சாக்ஸ் இரண்டு போட்டிருக்கிறாரே, அப்புறம் ஏன்? அந்த இரண்டாவது சாக்ஸால்தான். ஷூ இறுகி, விரல்களுக்கு ரத்தம் போவது குறைந்து, துணிக்குள் இருக்க வேண்டிய காற்றும் நசுங்கிவிட்டது. மெல்லிய உள்சாக்ஸ் ஒன்று, தடித்த கம்பளி சாக்ஸ் ஒன்று, இரண்டையும் போட்டபின்பும் விரல்களை அசைக்க இடம் இருக்கும் அளவுக்கு ஒரு அளவு பெரிய பூட்ஸ். இதுதான் சரியான சேர்க்கை. குளிர் மேலிருந்து மட்டும் வருவதில்லை, பனித்தரையிலிருந்து பூட்ஸின் அடிப்பாகம் வழியாகவும் ஏறுகிறது. உள்ளே ஒரு கம்பளித் தகடு போடுங்கள். நிற்கும் இடத்தில் ஓர் அட்டைத் துண்டோ ரப்பர் விரிப்போ கிடைத்தால் அதன்மேல் நில்லுங்கள், இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலாகத் தாங்கும். கைக்கு, விரல்கள் எல்லாம் ஒரே அறையில் இருக்கும் மிட்டன்தான் ஐந்து விரல் கையுறையைவிடக் கதகதப்பு. உள்ளே தொடுதிரைக்கு ஒத்துவரும் மெல்லிய கையுறை, மேலே மிட்டன் என்றால் படம் எடுக்க முழுக்கையையும் திறக்க வேண்டாம். கைபேசியை வெளிப்பையில் வைத்தால் 40 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடும். உள்பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். கேமராவை அறைக்குள் கொண்டுவரும்முன் ஜிப் பையில் போட்டு மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் லென்ஸுக்குள் நீர் கோக்கும்.

பனியில் கறுப்புக் கண்ணாடி அலங்காரத்துக்கு அல்ல. புதுப் பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். ஆயிரம் மீட்டருக்கு ஒருமுறை அந்தக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். மேகமாக இருக்கிறதே என்று கண்ணாடி இல்லாமல் நாள் முழுதும் பனிமலையில் இருந்தால் இரவில் கண்ணில் மண் விழுந்தது போல உறுத்தும். மூக்கின் அடிப்பக்கத்துக்கும் தாடைக்குக் கீழும் சன்ஸ்கிரீன் பூசுங்கள், வெளிச்சம் கீழிருந்துதான் வருகிறது. உதட்டுக்கும் ஏதாவது களிம்பு தேவை.

வறண்ட வெப்பத்தில் உடம்பை மூடுவதுதான் குளிர்ச்சி: தளர்வான முழுக்கை, தளர்வான முழுக்கால், அகல விளிம்புத் தொப்பி. பாலைவனத்தில் இரவு தங்கினால் குளிர்மாதங்களில் ஸ்வெட்டர் கட்டாயம். ஈர வெப்பத்தில் லினனோ மெல்லிய பருத்தியோ நல்லது, பருத்தி இங்கே நண்பன்தான். ஒரு நாளைக்கு இரண்டு மேல்சட்டை என்று கணக்குப் போடுங்கள். வெப்பமண்டல மழையில் ரெயின்கோட் போட்டால் உள்ளே வியர்த்து அதே அளவு நனைவீர்கள். குடையும், பின்பட்டை உள்ள செருப்பும் மேல். ஐஸ்லாந்து போன்ற காற்று ஊர்களிலோ குடை ஐந்து நிமிடத்தில் முறியும், அங்கே ரெயின்கோட்தான். ஏசி ஓடும் பேருந்துக்கும் கடைகளுக்கும் ஒரு மெல்லிய சால்வை பையில் இருக்கட்டும்.

ஆப்பிரிக்கக் காட்டுச் சவாரிக்கு வெயிலை நினைத்துத் துணி எடுப்பவர்கள் விடியற்காலையை மறந்துவிடுகிறார்கள். ஜூலை, ஆகஸ்டில் கென்யாவின் மசாய் மாராவில் திறந்த வண்டியில் காலை ஆறு மணிக்கு ஃப்ளீஸும் காதை மூடும் குல்லாவும் வேண்டும். பத்து மணிக்கு எல்லாம் பைக்குள் போய்விடும். நீலமும் கறுப்பும், கடிக்கும் ட்செட்சி ஈயை இழுக்கும் நிறங்கள். காக்கி, மண் நிறம் பாதுகாப்பு. ஆனால் ராணுவப் புள்ளிவடிவத் துணி வேண்டாம். ஜமைக்கா, பார்படோஸ், டிரினிடாட் போன்ற கரீபிய நாடுகளிலும் பொதுமக்கள் அதை அணிவது குற்றம், குழந்தைகளுக்கும் விலக்கு இல்லை. வழிபாட்டு இடங்களில், வத்திக்கானின் புனித பேதுரு பேராலயமோ பாங்காக்கின் அரண்மனையோ, தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். அபுதாபியின் ஷேக் சயீத் மசூதியில் பெண்கள் தலையையும் மூட வேண்டும். ஒரு பெரிய பருத்தித் துண்டு பல இடங்களில் உதவும்.

தள்ளுவண்டியில் உட்கார்ந்திருக்கும் குழந்தை நடக்கிறவரைப் போலச் சூடாவதில்லை. நமக்கு எத்தனை அடுக்கோ அதற்கு மேல் ஒன்று போடுங்கள். ஆனால் காரில் குழந்தை இருக்கையில் உட்காரவைக்கும்போது தடித்த கோட்டைக் கழற்றிவிட்டுப் பட்டையைப் பூட்டி, கோட்டை மேலே போர்த்துங்கள். மோதலில் கோட்டின் பஞ்சு அமுங்கிப் பட்டை தளர்ந்துவிடும். வயதானவர்களுக்குக் குளிரைவிட வழுக்கல் ஆபத்து. ஷூவின்மேல் மாட்டிக்கொள்ளும், சிறு ஆணிகள் வைத்த ரப்பர் பட்டை உள்ளங்கைக்குள் அடங்கும். உறைந்த நடைபாதையில் இடுப்பெலும்பைக் காப்பது அதுதான்.

ஷூவைப் பயணத்துக்கு மூன்று வாரம் முன்பே வாங்கி, அன்றாடம் போட்டுப் பழக்குங்கள். கால் வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், பயணத்தில் போடப்போகும் அதே சாக்ஸோடு போட்டுப் பார்த்து வாங்க வேண்டும். பல வருடமாகப் பெட்டியில் கிடக்கும் பூட்ஸ் இருந்தால் அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பல பூட்ஸ்களின் நடு அடுக்கு பாலியூரித்தேன். காற்றிலுள்ள ஈரம் வருடக்கணக்கில் அதை உள்ளுக்குள் சிதைத்துக்கொண்டே இருக்கும், போடாமல் வைத்திருந்தாலும் சரி. பார்வைக்குப் புதிதாக இருக்கும். முதல் நாள் நடையில் அடிப்பாகம் பிஸ்கட் போலப் பொடிந்து, மேல்பாகம் மட்டும் காலில் நிற்கும். அழுத்தும்போது விரிசலோ மாவுபோல் உதிர்வதோ தெரிந்தால் அதை எடுத்துப் போகாதீர்கள்.

பூஜ்யத்திலிருந்து 10 டிகிரி வரை உள்ள ஊரில் பத்து நாளுக்கு எவ்வளவு துணி? தெர்மல் மேல் இரண்டு, கீழ் ஒன்று, சட்டை மூன்று, ஃப்ளீஸ் ஒன்று, மடித்தால் கைக்குள் அடங்கும் மெல்லிய டவுன் ஒன்று, வெளி ஜாக்கெட் ஒன்று, காற்றுத் தடுக்கும் கால்சட்டை இரண்டு, கம்பளி சாக்ஸ் நான்கு ஜோடி, உள்ளாடை ஆறு, குல்லா, கழுத்துறை, கையுறை ஒவ்வொன்று. ஜீன்ஸ் ஒன்றுக்கு மேல் வேண்டாம். அது நனைந்தால் ஹோட்டல் அறையில் காய இரண்டு நாள் ஆகும். மற்றவற்றை இரவில் அலசி, உலர்ந்த துவாலையை விரித்து அதன்மேல் துணியை வைத்துச் சுருட்டி, சுருளின்மேல் ஏறி மிதியுங்கள். துவாலை ஈரத்தை வாங்கிக்கொள்ளும். தெர்மல் காலைக்குள் காய்ந்துவிடும். ஷூ நனைந்தால் செய்தித்தாளை உள்ளே திணித்து, இரண்டு மணிக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஹீட்டர்மேல் வைத்தால் ஒட்டுப் பசை விட்டுப்போகும்.

விமானத்தில் ஏறும்போது கனமான பூட்ஸையும் ஜாக்கெட்டையும் உடம்பில் போட்டுக்கொள்ளுங்கள், பெட்டி எடை குறையும். கைப்பையில் ஒரு தெர்மல் ஜோடி, குல்லா, கையுறை, ஒரு மாற்று உள்ளாடை, மருந்துகள் இருக்க வேண்டும். பெட்டி வர இரண்டு நாள் தாமதமானாலும் வெளியே போக முடியும்.

திரும்பி வந்ததும் டவுன் ஜாக்கெட்டை அதன் சிறு உறையில் திணித்தபடியே விட்டுவிடாதீர்கள். வெகுநாள் நசுங்கிக் கிடந்த தூவி முன்போல எழும்பாது. அதற்குரிய சோப்பில் அலசி, உலர்த்தும் இயந்திரத்தில் குறைந்த சூட்டில் இரண்டு டென்னிஸ் பந்துகளோடு ஓடவிட்டால் கட்டிகள் உடைந்து பஞ்சு விரியும். பிறகு ஹேங்கரில் தொங்கவிடுங்கள். மெரினோவை வியர்வை போக அலசி, முழுதும் உலர்ந்தபின் பூச்சி புகாத ஜிப் பையில் போட்டு வையுங்கள். பூட்ஸை மட்டும் பிளாஸ்டிக் பையில் கட்டாமல், காற்றுப் படும் அலமாரியில் வைத்து, மாதம் ஒருமுறை எடுத்துப் போட்டுக்கொண்டு நடங்கள்.